கண்ணாடிக் குமிழில் ஆவாகனம்

நார்வேயின் பெர்கன் நகருக்குப் பக்கத்தில் ஃபான்டாஃப்ட் என்ற இடத்தில் பழைய மரத் தேவாலயம் ஒன்று இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வேறோர் ஊரில் கட்டப்பட்ட அதை, 1883-இல் பிரித்து எடுத்து வந்து இங்கே நிறுத்தியிருந்தார்கள். 1992 ஜூன் 6 அன்று அது தீவைத்து எரிக்கப்பட்டது. சந்தேகம் பிளாக் மெட்டல் இசைக்காரர்கள் மேல் விழுந்தது. கரிக்கட்டையாக நின்ற அந்தத் தேவாலயத்தின் படம் மறு ஆண்டே ஒரு பிளாக் மெட்டல் இசைத்தட்டின் அட்டையாக வந்ததும் அந்தச் சந்தேகத்துக்கு நெய் வார்த்தது.

பதினைந்து ஆண்டு கழித்து, 2007-இல், அதே பெர்கனின் பேராலயத்துக்குள் ஹெவி இசைக்காரர்கள் வாசல் வழியாக, அழைப்பின் பேரில் நுழைந்தார்கள். கொண்டுபோனவை வால்வு ஆம்ப்ளிஃபையர்கள். குழுவின் பெயர் சன் ஓ))). துறவிகளைப் போல முக்காடிட்ட அங்கி, மேடையை மூடும் புகை, நிமிடக்கணக்கில் அறுபடாமல் நீளும் ஒற்றைக் கிட்டார் ஒலி, அதோடு பேராலயத்தின் பைப் ஆர்கன். பாடியவர் ஹங்கேரியின் அட்டிலா சிஹார். மேஹெம் குழு 1994-இல் வெளியிட்ட பேர்போன பிளாக் மெட்டல் ஆல்பத்தில் ஒலிப்பதும் இவர் குரல்தான். அந்த ஆல்பத்தின் அட்டையில் இருப்பது நிடாரோஸ் பேராலயம். பெர்கன் நிகழ்ச்சி மறு ஆண்டு 'தோம்கிர்க்கே' என்ற பெயரில் இசைத்தட்டாகவும் வந்தது. (1665-இல் துறைமுகத்தில் நடந்த கடற்போரில் வந்து பாய்ந்த பீரங்கிக் குண்டு ஒன்று இன்னமும் அந்தப் பேராலயத்தின் சுவரில் பதிந்திருக்கிறது. ஆக, சத்தம் அந்தக் கட்டடத்துக்குப் புதிதில்லை.)

அன்றைக்கு அங்கே புனிதம் என்று ஒன்று இருந்திருந்தால் அது எதில் இருந்தது? கல்லிலா, ஆர்கனிலா, பாடியவரின் தொண்டையிலா, வரிசையாக நின்ற பெட்டிகளிலா? கடைசி விடையைக் கேட்டால் சிரிப்பு வரலாம். மெதுவாக, கனமாக நீளும் டூம், ட்ரோன் வகை இசை வாசிப்பவர்களோ சிரிக்கமாட்டார்கள். ஆம்ப்ளிஃபையரைப் பற்றி அவர்கள் பேசும் பேச்சு முழுக்கப் பக்தியின் பேச்சு. ஆதி மூலம், தூய மரபு, போலி, பிரசாதம் போலக் கைமாறும் பழைய வால்வுகள், கடைசியில் சந்நிதியில் நின்றால்தான் தெரியும் என்ற வாதம். இதை வெறும் பொருட்பித்து என்று ஒதுக்குவது சுலபம். பித்து உண்டு, நிறையவே உண்டு. அதற்கு அடியில் பழைய சமயக் கேள்வி ஒன்றும் கிடக்கிறது: ஒரு சடப்பொருளில் ஏதோ ஒன்று எழுந்தருளியிருக்கிறது என்று சொல்லும்போது எதைச் சொல்கிறோம்?

சன் ஓ))) குழுவின் பெயரே ஓர் ஆம்ப்ளிஃபையர் கம்பெனியின் பெயர். எழுத்துருவும் அலை வளைவுகளும் உட்பட அந்தக் கம்பெனியின் முத்திரையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கிரெக் ஆண்டர்சனும் ஸ்டீஃபன் ஓமாலியும் 1998-இல் இதைத் தொடங்கியபோது, டிலன் கார்ல்சனின் 'எர்த்' குழுவுக்குச் செலுத்தும் வணக்கமாகவும் அந்தப் பெயர் இருந்தது. அது பூமி, இது சூரியன். ஆனால் சன் கம்பெனியின் பிறப்புக் கதையில் தெய்வீகம் துளியும் கிடையாது. 'லூயி லூயி' பாட்டால் புகழ்பெற்ற கிங்ஸ்மென் குழுவின் பாஸ் கிட்டார்காரர் நார்ம் சுண்ட்ஹோம்; பெரிய அரங்குகளில் அவர் வாசிப்பது கூட்டத்தின் கூச்சலில் அமுங்கிப்போனது. அண்ணன் தம்பி சேர்ந்து, வீட்டில் பாட்டுக் கேட்பதற்கென்று விற்ற டைனகோ ஆம்ப்ளிஃபையரின் பாகங்களை வைத்துச் சத்தமான பெட்டி ஒன்றைச் செய்தார்கள். 1960-களின் நடுவில் அது ஆரிகன் மாநிலத்தில் ஒரு தொழிற்சாலை ஆயிற்று. 1970-களில் வந்த மாடல் டி, நான்கு தடித்த 6550 வால்வுகளோடு, இன்று டூம் உலகின் மூலவராக நிற்கிறது. செய்தவர்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: பின்வரிசைக்கும் பாஸ் கேட்க வேண்டும்.

வால்வு என்றால் வீட்டில் வால்வு ரேடியோ இருந்த தலைமுறைக்கு விளக்க வேண்டியதில்லை. குமிழைத் திருப்பிவிட்டு, அது சூடேறிப் பேசத் தொடங்கும்வரை காத்திருந்தவர்கள் அவர்கள். மற்றவர்களுக்குச் சுருக்கமாக: காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குமிழுக்குள் ஓர் இழை கனன்று, தன்னைச் சூழ்ந்த உலோகக் குழாயைச் சுட வைக்கிறது. சூடான உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்புகின்றன. எதிரே நானூறு, ஐந்நூறு வோல்ட் ஏற்றிய தகடு அவற்றை இழுக்கிறது. நடுவே கம்பிவலை ஒன்று. கிட்டாரிலிருந்து வரும் மிகச் சிறிய மின்னதிர்வு அந்த வலையில் ஏறி இறங்க, அதற்கேற்பப் பெரும் மின்னோட்டம் ஏறி இறங்குகிறது. ஃபிளெமிங் 1904-இல் முதல் வால்வைச் செய்தார். லீ டி ஃபாரஸ்ட் 1906-இல் நடுவே வலையைச் செருகினார். 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்த பிறகு, ரேடியோவும் கணினியும் விமானமும் ஒவ்வொன்றாக வால்வைக் கைவிட்டன. கைவிட மறுத்த மிகச் சிலரில் கிட்டார்காரர்கள் முதலிடம்.

மறுத்ததற்குக் காரணம், அவர்கள் வால்விடம் கேட்டது அதன் வேலையை அல்ல, அதன் தவறை. ஆம்ப்ளிஃபையர் வடிவமைத்த பொறியாளர்களுக்குச் சிதைவு என்பது ஒழிக்க வேண்டிய குற்றம். அந்தக் குற்றத்தைத்தான் இசைக்காரர்கள் தேடித் தேடிச் செய்தார்கள். லிங்க் ரே 1958-இல் 'ரம்பிள்' பாட்டுக்காக ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் பென்சிலால் ஓட்டை போட்டார். கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் 1964-இல் பிளேடால் கிழித்தார். லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962-இல் ஓர் அமெரிக்க ஃபெண்டர் பெட்டியின் சர்க்யூட்டை ஏறக்குறைய அப்படியே பார்த்துச் செய்து விற்றார். வாங்கியவர்கள் சத்தக் குமிழை இறுதிவரை திருகினார்கள். கிட்டார்காரர் பீட் டவுன்ஷெண்ட் 1965-இல் அவரிடம் நூறு வாட் வேண்டுமென்றார். எட்டு ஸ்பீக்கர் கொண்ட ஒற்றைப் பெட்டி கேட்டார், செய்து கொடுத்தார்கள். தூக்கிச் சுமந்தவர்கள் முதுகு போயிற்றென்று முறையிட, அதை இரண்டாக வெட்டி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். இன்று மெட்டல் மேடைகளின் பின்சுவராக நிற்கும் அந்த அடுக்கு, சுமைதூக்குபவர்களின் புகாரில் பிறந்தது.

டோனி ஐயோமியின் கதை இன்னும் கொடியது. பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில், பதினேழு வயதில், வலக்கையின் இரண்டு விரல்நுனிகள் இயந்திரத்தில் போயின. இடக்கையர் என்பதால் தந்தியை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குக் கவசம் செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் போட்டார். பிற்பாடு சுருதியையும் இறக்கினார். உள்ளூரில் லேனி என்ற புதுக் கம்பெனி செய்த ஆம்ப்ளிஃபையரை எடுத்துக்கொண்டார். 1970 பிப்ரவரி 13 அன்று அவருடைய குழுவான பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம் வந்தது. இன்று அதே ஒலிக்காக அதே ஆண்டு லேனியைத் தேடி அலைபவர்கள் உண்டு. விபத்தையும் வறுமையையும் விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் வாங்க முடியும் என்பது அவர்கள் நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கு அடிப்படையே இல்லையா? உண்டு, ஓரளவுக்கு. ரஸல் ஹாம் என்ற ஒலிப்பொறியாளர் 1973-இல் ஒலிப்பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் வால்வையும் டிரான்சிஸ்டரையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரை இந்த உலகின் வேதங்களில் ஒன்று. அளவுக்கு மீறி முடுக்கும்போதுதான் இரண்டும் பிரிகின்றன என்பது அவர் கண்டது. வால்வு மெல்ல மெல்லத் திணறுகிறது. இரண்டாம், மூன்றாம் மேற்சுரங்கள் கூடி ஒலி தடிக்கிறது. டிரான்சிஸ்டர் ஓர் எல்லைவரை ஒழுங்காக இருந்துவிட்டுச் சட்டென்று அலையின் தலையைச் சீவிவிடுகிறது. இதைத் தவிர, பலமாக ஒரு கார்டை அடித்ததும் மின்னழுத்தம் கணநேரம் தொய்ந்து மீள்வதும் உண்டு. சுரம் அமுங்கி, பின் விரியும். வாசிப்பவருக்கு இது காதில் கேட்கும் விஷயம் என்பதைவிட விரலில் படும் விஷயம். பெட்டி எதிர்த்து மல்லுக்கு நிற்கிறது என்பார்கள்.

சரி, கண்ணைக் கட்டிவிட்டால் தெரியுமா? 1985-இல் பாப் கார்வர் என்ற பொறியாளர் 'ஸ்டீரியோஃபைல்' இதழுக்கு ஒரு சவால் விட்டார். நீங்கள் போற்றும் விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபையர் எதுவானாலும் சரி, என்னுடைய மலிவான டிரான்சிஸ்டர் பெட்டியை அதே போல் ஒலிக்க வைக்கிறேன் என்றார். இதழார் பெரிய வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்றைக் கொடுத்தார்கள். அவர் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றாகும்வரை தன் பெட்டியைத் திருத்தினார். பழுத்த காதுகள் கொண்ட இதழாரால் பிறகு வேறுபாடு கண்டுபிடிக்க முடியவில்லை. வயலின் உலகிலும் இதே கதைதான். கிளாடியா ஃப்ரிட்ஸும் தோழர்களும் 2010-இல் இண்டியானபொலிஸில் 21 வயலின் கலைஞர்களுக்கு இருட்டுக் கண்ணாடி மாட்டி, மரத்தின் மணம் காட்டிக்கொடுக்காதபடி தாடைக்கட்டையில் வாசனைத் திரவியம்கூடத் தடவி, புது வயலின் மூன்றும் பழைய இத்தாலிய வயலின் மூன்றும் கொடுத்தார்கள். அதிகம் பேருக்குப் பிடித்தது ஒரு புதுசு. மிகக் குறைவாகப் பிடித்தது ஒரு ஸ்ட்ராடிவேரி.

ஹெவி இசையின் வரலாறும் வால்வுப் பக்தர்களுக்குச் சாதகமாக இல்லை. டெக்ஸாஸின் பாந்தெரா குழுவின் டைம்பேக் டாரெல், 1990-களின் மெட்டல் கிட்டார் ஒலியை மாற்றியமைத்தவர், தன் புகழ்பெற்ற ஆண்டுகளில் வாசித்தது ராண்டால் கம்பெனியின் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில். டூம் இசைக்கே தாத்தா முறையான மெல்வின்ஸ் குழுவின் பஸ் ஆஸ்போர்ன் நெடுங்காலம் பயன்படுத்தியது சன் பீட்டா லீட். அதே புனிதக் கம்பெனியின் பெயர், உள்ளே வால்வே கிடையாது. ஸ்வீடனின் என்டூம்ட் 1990-இல் 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' ஆல்பத்தில் கொண்டுவந்த மரம் அறுக்கும் ஒலிக்குப் பின்னால் இருந்தது 'பாஸ்' (Boss) கம்பெனியின் எச்எம்-2 என்ற சின்ன பெடல், கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே வைத்துக் காலால் மிதிக்கும் பெட்டி. அது அவ்வளவாக விற்காமல் அடுத்த ஆண்டே உற்பத்தி நின்றது. பிறகு அதற்கென்றே ஒரு வழிபாட்டு மரபு உருவாகி, 2020-இல் கம்பெனியே அதை மறுபடி செய்து விற்க வேண்டியதாயிற்று.

எச்சப்பொருள் வழிபாட்டின் உச்சம் க்ளான் சென்டார். பாஸ்டன் பக்கத்தில் பில் ஃபினெகன் என்பவர் 1994 முதல் பதினைந்து ஆண்டுகளுக்குள் சுமார் 8,000 பெடல்கள் செய்தார். சர்க்யூட்டை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று உள்ளே கறுப்புப் பசையை ஊற்றி மூடினார். கர்ப்பகிருகத்துக்குத் திரை போட்டாயிற்று. பிறகென்ன, ஊரெல்லாம் மகிமை. பசையைச் சுரண்டிச் சர்க்யூட்டை வரைந்து, நகல்கள் வந்து குவிந்தபின்பும் அசலின் விலை பல ஆயிரம் டாலருக்கு ஏறிக்கொண்டே போயிற்று. நொந்துபோன ஃபினெகன், தன் அடுத்த பெடலின் முகப்பிலேயே, இந்த அபத்தமான ஆரவாரம் தன்னால் வந்ததில்லை என்னும் பொருளில் ஒரு வாசகத்தை அச்சிட்டார். ஜான் கால்வின் 1543-இல் எழுதிய நூலில், ஐரோப்பா முழுக்க ஏசுவின் சிலுவைத் துண்டு என்று வைத்திருப்பவற்றைச் சேர்த்தால் ஒரு கப்பல் நிறையும் என்று கிண்டலடித்தார். க்ளான் விஷயத்தில் அந்தக் கிண்டல் செல்லாது. எண்ணிக்கை ஏறக்குறையத் தெரியும். அசலா நகலா என்பதும் தெரியும். தெரியாதது, அசலால் ஆவதென்ன என்பது மட்டும்.

இந்த ஆசைக்கு ஆங்கில இசை உலகில் நோய்ப்பெயரே உண்டு. ஸ்டீலி டான் குழுவின் வால்டர் பெக்கர் 1990-களில் வேடிக்கையாகச் சூட்டிய 'கிட்டார் சேர்க்கும் நோய்' என்ற பெயர் பிறகு எல்லாக் கருவிக்கும் பரவியது. 2021-இல் ஹெர்ப்ஸ்ட், மென்சே என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கென்றே ஒரு முழு நூல் எழுதி, அதை ஹடர்ஸ்ஃபீல்ட் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அடுத்த பெட்டி வந்துவிட்டால் அந்த ஒலி கிடைத்துவிடும் என்ற நினைப்பு இதன் உயிர்நாடி. பெட்டி வரும், சில வாரத்தில் பழகிவிடும், தேடல் தொடரும். சமண, பௌத்தத் துறவிகள் எவரும் இதைக் கண்டு வியக்கமாட்டார்கள்.

ஆனால் அதே பணம், அதே பெட்டி, வேறு காரியத்துக்கும் போவதுண்டு. கலிஃபோர்னியாவின் ஸ்லீப் குழு 1990-களின் நடுவில் லண்டன் ரெக்கார்ட்ஸ் தந்த முன்பணத்தில் கணிசமான பகுதியைத் தமக்கென்று செய்வித்த ஆம்ப்ளிஃபையர்களிலும் கஞ்சாவிலும் கரைத்தது. பதிலுக்குக் கொடுத்தது ஒரே பாட்டு. நீளம் ஒரு மணி நேரத்துக்கும் மேல். பொருள், பாலைவனத்தில் புனித பூமியை நோக்கி நடக்கும் கஞ்சா யாத்திரிகர் கூட்டம். கம்பெனி வெளியிட மறுத்தது, குழு உடைந்தது. சுருக்கிய வடிவம் 1999-இலும், 'டோப்ஸ்மோக்கர்' என்ற பெயரில் நீண்ட வடிவம் 2003-இலும் வந்து, இன்று டூம் வகையின் மூலநூலாக இருக்கிறது. பாடகர் அல் சிஸ்னெரோஸ் பிறகு தொடங்கிய குழுவின் பெயர் ஓம். 2012-இல் வந்த அதன் ஆல்பத்தின் தலைப்பில் அத்வைதமே இருக்கிறது. கஞ்சா நகைச்சுவையில் தொடங்கிய யாத்திரை உண்மையாகவே எங்கோ போய்ச் சேர்ந்துவிட்டது. சேர்த்து வைப்பவருக்கும் இவர்களுக்கும் உள்ள வேறுபாடு வால்வில் இல்லை. இவர்கள் பெட்டியைச் செலவழித்தார்கள்.

2011-இல் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கெம்பர் கொண்டுவந்த கருவி இந்தச் சண்டையை முழுக்க இறையியல் சண்டையாக்கிவிட்டது. பழைய ஆம்ப்ளிஃபையரின் முன்னால் மைக்கை வைத்து இதை இணைத்தால், வினோதமான சோதனை ஒலிகளை அதற்குள் அனுப்பி, அது எப்படி வளைத்துத் திருப்புகிறது என்று கேட்டு, சில நிமிடத்தில் அதன் குணத்தை எடுத்துத் தன்னுள் வைத்துக்கொள்ளும். பிறகு வால்வுப் பெட்டியை ஸ்டுடியோவிலேயே பூட்டிவிட்டு, இதை மட்டும் கையில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம். கோயிலில் இதற்கு நிகரான சடங்கு உண்டு. திருப்பணி தொடங்குமுன் மூலவரின் கலைகளைக் கும்பத்தில் ஈர்த்து, பாலாலயத்தில் வேறோர் உருவில் இருத்தி, அங்கே பூசை நடக்கும். கலாகர்ஷணம் என்பார்கள். அந்த உருவம் பெரும்பாலும் ஓவியம் தீட்டிய அத்திப் பலகைதான்.

இங்கேதான் முடிச்சு. அத்திப் பலகை கல்லைப் போல் இருக்க வேண்டியதில்லை. கெம்பரின் நகலோ அசலைப் போல் இருந்தே தீர வேண்டும். அதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் கிடையாது. எழுந்தருளல் பற்றி ஆம்ப்ளிஃபையர் உலகில் இரண்டு கொள்கைகள் மோதுகின்றன. டிஜிட்டல் கட்சிக்கு ஒப்புமையே எல்லாம்: கண்ணைக் கட்டினால் தெரியவில்லையா, அப்படியானால் அதுவே இது. வால்வுக் கட்சிக்குத் தொடர்பே எல்லாம்: இந்த இழையில், இந்தச் சூட்டில் பிறந்த எலக்ட்ரானே ஸ்பீக்கரைத் தள்ள வேண்டும். இரண்டு கட்சியும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன, தேடும் பொருள் பெட்டிக்குள் இருக்கிறது என்பதில். ஆகமக்காரர் இரண்டையும் ஏற்கமாட்டார். அவருக்கு ஒப்புமையும் முக்கியமில்லை, கல்லும் தன்னளவில் முக்கியமில்லை. அழைத்தால் வருகிறது, விடைகொடுத்தால் போகிறது. செயல்தான் குடியேற்றுகிறது. சன் ஓ))) மேடையைப் பார்த்தவர்கள் இந்த மூன்றாவது கொள்கையைத்தான் பார்த்திருக்கிறார்கள். புகை, அங்கி, மெதுவாக உயரும் கை, அதன் பிறகு நெஞ்செலும்பில் வந்து மோதும் காற்று. அதே மாடல் டி சேகரிப்பாளர் ஒருவரின் கண்ணாடி அலமாரியில் நின்றால் அது உலோகமும் மரமும்.

சன் ஓ))) தாங்களே பெட்டிவாதத்துக்கு முழுக்கத் தப்பியவர்கள் என்று சொல்லவும் முடியாது. 2019-இல் சிகாகோவில் ஸ்டீவ் ஆல்பினி டேப்பில் பதிவு செய்த 'லைஃப் மெட்டல்' வந்தபோது, அந்தப் பதிவின் ஒலியைத் தரும் பெடல் ஒன்றையும் ஒஹையோவின் எர்த்க்வேக்கர் கம்பெனியோடு சேர்ந்து முதலில் ஆயிரம் மட்டும் செய்து விற்றார்கள். சந்நிதி வாசலில் கடை இல்லாத மதம் எங்கே இருக்கிறது?

வால்வுக் கட்சியின் ஆகச் சிறந்த வக்கீல் இசை உலகைச் சேர்ந்தவரே அல்ல. மொன்டானாவில் தத்துவம் கற்பித்த ஆல்பர்ட் போர்க்மன், கத்தோலிக்கர், 1984-இல் எழுதிய நூலில் குளிர்நாட்டு வீட்டின் கணப்பையும் சுவருக்குள் ஒளிந்த வெப்பக் குழாயையும் எதிரெதிரே நிறுத்தினார். கணப்பு ஒருவரை விறகு வெட்ட வைத்தது, ஒருவரை மூட்ட வைத்தது, வீட்டாரைச் சுற்றி உட்கார வைத்தது. வெப்பக் குழாய் வெப்பத்தை மட்டும் தருகிறது, எதையும் கேட்பதில்லை. வால்வு ஆம்ப்ளிஃபையர் நிறையக் கேட்கிறது. சூடேறும்வரை காத்திருக்கச் சொல்கிறது. முதுகைக் கேட்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைக் கொல்லும் மின்சாரம் தேங்கியிருக்கும், தெரிந்தவரே திறக்க வேண்டும். வால்வு தேயும், சாகும், மாற்ற வேண்டும். போர்க்மனின் பார்வையில் இந்தத் தொல்லைகள்தான் உறவு. கார்வரின் கழித்தல் கணக்கில் இவை எதுவும் ஏறாது.

வாதம் அழகானது, ஆனால் அதன் விலையைக் கட்டுவது யார் என்று போர்க்மன் போதிய அளவு கேட்கவில்லை. பெட்டியைத் தூக்குகிறவர் கேட்பார். விமானத்தில் கூடுதல் சுமைக்குப் பணம் கட்டும் சின்னக் குழுக்கள் கேட்கும். மெட்டாலிகா 2013 டிசம்பர் 8 அன்று அண்டார்க்டிகாவின் கார்லினி தளத்தில் வாசித்தபோது, சுற்றுச்சூழலுக்குப் பங்கம் வராதபடி ஸ்பீக்கர் அடுக்குகளே இல்லை. கூடாரத்துக்குள் ஏறக்குறைய 120 பேர் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்டார்கள். காதுகளும் கேட்கும்: நூறு வாட் கேட்டு வாங்கிய டவுன்ஷெண்ட், தன் செவித்திறன் பறிபோனதைப் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொல்லி எச்சரித்தவர். ஸ்வீடனின் மெஷுகா போன்ற குழு, கனத்தில் யாருக்கும் சளைக்காதது, டிஜிட்டல் பெட்டிகளோடு எவ்விதக் குற்றவுணர்வும் இல்லாமல் ஊர் சுற்றுகிறது.

வால்வுகள் எத்தனை நாளைக்கு? உலகம் முழுக்கக் கிட்டார்காரர்களுக்கு வால்வு கொடுப்பவை இன்று மிகச் சில தொழிற்சாலைகளே. ஸ்லோவாக்கியாவின் சாட்சா நகரில் ஒன்று, ரஷ்யாவின் சரடோவில் ஒன்று, பிறகு சீனா. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதித் தடை அறிவித்ததும் கடைகளில் ஒரே பீதி, பதுக்கல், விலையேற்றம். பழைய சரக்கைத் தேடுபவர்களின் பட்டியலில் பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் ரேடியோக்களுக்காகச் செய்த வால்வுகளும் உண்டு. நம்மூர்ப் பாட்டி வீட்டு ரேடியோவுக்குள் இருந்த குமிழ் அமெரிக்க மெட்டல்காரரின் அலமாரியில் பட்டுத்துணியில் உறங்கக்கூடும்.

பொருள் தீர்ந்துபோனால் சடங்கு என்னாகும் என்பதை, வேதச் சடங்குகளுக்கு விளக்கம் சொல்லும் மீமாம்சகர்கள் ஒரு சட்டப் பிரச்சினையாக எடுத்துப் பேசியிருக்கிறார்கள். ஜைமினியின் சூத்திரங்களில் ஆறாம் அத்தியாயம். வேள்விக்கு விதித்த திரவியம் கிடைக்கவில்லை என்றால் அதைப் போன்ற வேறொன்றை வைத்து நடத்தலாம். சோமம் கிடைக்காவிட்டால் பூதிகக் கொடி. பூதிகமும் கிடைக்காவிட்டால்? அப்போது பூதிகத்தைப் போன்றதைத் தேடாதே, மறுபடி சோமத்தைப் போன்றதைத் தேடு என்பது விதி. நகலுக்கு நகல் எடுக்கக் கூடாது. மென்பொருள்களில் இருக்கும் 'க்ளான்' பலவும் அசலைப் பார்த்தே இராதவர்கள் நகலைப் பார்த்துச் செய்தவை என்பதை நினைத்தால், ஜைமினிக்கு இந்தத் தொழிலைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது. மாற்றே கூடாதவை என்றும் ஒரு சிறு பட்டியல் உண்டு: தேவதை, அக்னி, மந்திரம், செயல். இவற்றை மாற்றினால் அது வேறு வேள்வி.

ஆக, வால்வு திரவியமா, அக்னியா? வால்வுக் கட்சி தயங்காமல் அக்னி என்றே சொல்லும். கண்ணெதிரே செந்தழலாகக் கனல்கிறதே என்று காட்டும். ஆனால் சான்றுகள் அந்தப் பக்கம் இல்லை. டைம்பேக்கின் ராண்டாலும் மெல்வின்ஸின் பீட்டா லீடும் மாற்றுப்பொருளாக வரவில்லை. டெக்ஸாஸில் நடந்த வேள்விக்கு ராண்டாலே சோமம், வால்வில் செய்திருந்தால் அதுதான் பூதிகம். வால்வு திரவியம்தான், அருமையான திரவியம், மரபு பார்த்துப் பார்த்துத் தேர்ந்த திரவியம். இந்த இசையில் அக்னியின் இடத்தில் இருப்பது காற்று அசையும் அளவு, உடலில் படும் சத்தம். அதற்கு மாற்று கிடையாது. இந்தக் கணக்கு வால்வுக் கட்சியின் கர்வத்தைக் குறைக்கிறது, டிஜிட்டல் கட்சிக்கும் முழு வெற்றி தரவில்லை. அண்டார்க்டிகாவில் ஹெட்ஃபோனில் நடந்தது பதிவுகளில் இடம்பெறும் சாதனை. வேள்வியா என்று கேட்டால் ஜைமினி தலையை ஆட்டுவாரா என்பது சந்தேகம்.

அடுக்குமாடி வீட்டில், குழந்தை தூங்கிய பிறகு, இலவச மென்பொருளில் மாடல் டி-யைத் திறந்து காதுக்குள் வாசித்துக்கொண்டிருக்கும் இளைஞரை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது? வேதம் படிக்கும் மாணவனின் இடத்தில். மந்திரம், சுரம், மாத்திரை எல்லாவற்றையும் அவன் நாள்தோறும் உருப்போடுகிறான், எதிரில் குண்டம் கிடையாது, அதை ஒரு குறையாக எந்த ஆசிரியரும் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் எழுந்து வந்து கதவைத் தட்டமாட்டார்.